ஒரு சாண் பளபளப்பு

தகரக் கதவு படாரென்று சுவரில் மோதியது. பானுமதி திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு சாக்கு மூட்டை பட்டறைக்கு நடுவே வந்து விழுந்தது. மூட்டை வாய் அவிழ்ந்து, உள்ளே இருந்த உலோகப் பட்டைகள் சிமென்டுத் தரையில் சிதறின. அந்தக் கலகலவென்ற சத்தம் அடங்க ஐந்தாறு நொடி ஆயிற்று.

அவள் பாலிஷ் போடும் பஃபிங் மோட்டாரை நிறுத்தினாள்.

வாசலில் செங்கோட்டையன் நின்றார். அடிவாரத்தில் ஜவ்வரிசி மில் வைத்திருப்பவர். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் யாருக்கும் கோபம் கொஞ்சமாவது ஆறியிருக்கும். அவருக்கு ஒவ்வொரு வளைவிலும் கூடிக்கொண்டே வந்திருந்தது போல. பின்னால் அவருடைய மில் ஆள் ராசப்பன், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாரு. நல்லாப் பாரு. நீ பாலிஷ் போட்ட லட்சணத்தை."

பானுமதி குனிந்து ஒரு பட்டையை எடுத்தாள். காரின் கண்ணாடியைச் சுற்றி வரும் பளபளப்பான விளிம்பு அது. பீடிங் என்பார்கள். 1962-ஆம் வருஷத்து ஃபியட் காருடையது. முன் கண்ணாடிக்கு இரண்டு, கதவுகளுக்கு நான்கு, ஆக மொத்தம் ஆறு. எட்டு நாள் முன்பு அவள் கொடுத்து அனுப்பியபோது அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். இப்போது சுண்ணாம்பு உதிரும் சுவர் மாதிரி வெள்ளை படிந்து கிடந்தது. விரலால் துடைத்தாள். அடியில் கரும்புள்ளிகள், அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக.

அவள் பட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்னங்க பண்ணீங்க இதை?"

"நான் என்ன பண்ணினனா? கேக்கறாளே கேள்வி, பாத்தியாடா ராசப்பா." செங்கோட்டையன் உள்ளே வந்தார். "இது என்ற கார் பீடிங்கே இல்ல. அசலை எவனோ பெங்களூர்க்காரனுக்கு வித்துப்போட்டு, காயலாங்கடை அலுமினியத்தைத் தேய்ச்சு எங்கிட்டத் தள்ளி உட்டுட்ட. எட்டே நாள்ல பல்லைக் காட்டிருச்சு."

"ஏனுங்க, வார்த்தையை அளந்து பேசுங்க."

"அளந்துதான் பேசியிருக்கேன். கேளு."

அவர் போனை எடுத்து அமுக்கினார். பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்ட பேச்சு பட்டறை முழுக்க ஒலித்தது. "எல்லாத்துக்கும் வணக்கமுங்க. கொல்லிமலையில செம்மேட்டுப் பக்கம் ஒரு பொம்பள பீடிங் பாலிஷ் போடறா. சாமானை மாத்திப்போடுவா. நான் ஏமாந்துட்டேன். நீங்க ஆரும் ஏமாந்துடாதீங்க."

"எப்பப் போட்டீங்க?"

"காலைல ஏழு மணிக்கு. நூத்தி நாப்பது பேரு இருக்கறாங்க குரூப்புல."

பெஞ்சின் மேலிருந்த அவளுடைய போன் அடித்தது. கோயமுத்தூர் அருள்மொழி. அவருடைய அம்பாசடர் பட்டைகள்தான் இப்போது வேலையில் இருந்தன. நல்ல மனிதர். குரலை உயர்த்தத் தெரியாதவர்.

"பானுமதி, நம்ம பீஸெல்லாம் முடிஞ்ச வரைக்கும் போதும்மா. நாளைக்கு ஆள் அனுப்பறேன், அப்படியே குடுத்து விட்டுடுங்க."

"சார், அந்த வாய்ஸை நம்பி..."

"அதெல்லாம் இல்லம்மா. சும்மாதான்." போன் வைக்கப்பட்டது.

அவள் பட்டறைக்கு போர்டு கிடையாது. சேலத்தில் எவர்சில்வர் பட்டறையில் பதினோரு வருஷம் குடத்துக்கும் போசிக்கும் பாலிஷ் போட்டவள், கல்யாணமாகி மலைக்கே திரும்பி வந்து, அரியூர் நாட்டுக்குப் பிரியும் ரோட்டோரம் ஒரு மோட்டாரை மாட்டி உட்கார்ந்தாள். முதலில் ஜீப் பம்பர், அப்புறம் ஒரு டாக்டரின் பழைய கார். அந்த டாக்டர் இன்னொருவரிடம் சொன்னார், அவர் இன்னொருவரிடம். பெங்களூரிலிருந்துகூடப் பார்சல் வருகிறது. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போன பெயர்தான் அவளுடைய மொத்தத் தொழிலும். அது வந்த வழியாகவே இன்று காலை ஏழு மணியிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

"என்ற மக கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்குது," என்றார் செங்கோட்டையன். "பொண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் கார்லதான் வரோணும். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அசல் பீடிங் எங்கூட்டுக்கு வந்து சேரோணும். இல்லீனா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவேன். அப்புறம் மலை இறங்கவே உனக்கு மூஞ்சி இருக்காது."

"அசல் உங்க காலுக்குக் கீழதான் கெடக்குது. மிதிக்காம நில்லுங்க."

அவர் குனிந்து பார்க்கவில்லை. வேட்டியை உதறிக்கொண்டு வெளியே போனார். போகும்போது ராசப்பன் மட்டும் ஒரு பட்டையைத் தாண்டிக் கால் வைத்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு அவர் வீட்டுக் கொட்டகையில் அந்தப் பட்டைகளைக் கழற்றியவளே அவள்தான். யாரையும் தொட விடவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்புவதுதான் எல்லாரும் செய்கிற வேலை. நெம்பினால் மெல்லிய அலுமினியம் ஒரே இடத்தில் மடங்கும், பிறகு என்ன தட்டினாலும் அந்த மடிப்பு போகாது. அவள் ரப்பருக்குள் சோப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மூங்கிலைச் சீவிச் செய்த சிம்பை உள்ளே கொடுத்து, அங்குலம் அங்குலமாக உயர்த்தினாள். பாதியில் மூங்கில் நின்றது. பார்த்தால் ரிவிட்.

"ஏனுங்க, கண்ணாடி பீடிங்குக்கு எவனாவது ரிவிட் அடிப்பானா?" என்று கேட்டாள்.

"நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறையில அடிச்சது. இருபது வருஷமா ஆடலையே," என்றார் அவர், பெருமையாக.

லாரிக்காரனுக்கு எதையும் ரிவிட் அடித்தால்தான் நிம்மதி. ஃபியட்டை உருவாக்கிய இத்தாலிக்காரன் ரப்பருக்குள் நோகாமல் செருகி வைத்ததைத் தகரத்தோடு சேர்த்து ஓட்டை போட்டு அடித்துவிட்டுப் போயிருந்தான். பன்னிரண்டு ரிவிட். ஒவ்வொன்றையும் துளையிட்டு எடுக்க ஒரு பகல் ஆயிற்று. பிறகு மலைக்குக் கொண்டு வந்து, காஸ்டிக் சோடாவில் மேல்பூச்சை உரித்து, ஒடுக்குகளை மரக்கட்டை மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தி, நாலு விதத் தாளில் தேய்த்து, மோட்டாரில் கொடுத்து, மெழுகு பூசினாள். பழையபடி மேல்பூச்சு ஏற்றக் கோயமுத்தூர் அனுப்பலாம் என்று சொன்னபோது அவர்தான் வேண்டாம் என்றார். நாள் ஆகிவிடுமாம். சரி, அப்படியானால் பூச்சில்லாத அலுமினியம், ஈரத் துணி தவிர வேறு எதுவும் படக்கூடாது என்று சொல்லி, பழைய சேலையில் சுற்றித்தான் கொடுத்து அனுப்பினாள். ரப்பர் வந்ததும் வந்து மாட்டித் தருவதாகப் பேச்சு.

இப்போது அவள் ஆறு பட்டைகளையும் தரையில் வரிசையாக அடுக்கினாள். அழுகை வரவில்லை. வந்தால் அதையும் அடித்துத் துரத்தியிருப்பாள்.

வெளியே பிக்கப் வண்டி வந்து நின்றது. அவள் புருஷன் தமிழ்செல்வன், மரவள்ளி லோடு இறக்கிவிட்டு, தலையெல்லாம் செம்மண்ணாக இறங்கி வந்தான்.

"முப்பத்தெட்டாவது வளைவுல உன்ற ஜவ்வரிசி மில்லுக்காரர் எதிர்ல வந்தாரு. ஹாரன் அடிச்சா சிரிப்பாருன்னு அடிச்சேன். மொறைச்சுக்கிட்டுப் போறாரு. என்ன, பாலிஷ்ல மூஞ்சி சரியாத் தெரியலையாமா?"

"அவரு மூஞ்சி சரியாத் தெரிஞ்சுதுன்னுதான் கோவம்," என்றாள் பானுமதி. "இங்க வந்து பாரு. சிரிக்காம பாரு."

அவன் குந்தி உட்கார்ந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குரூப்பில் போட்டதைச் சொன்னபோது அவன் சிரிப்பு தானாகவே நின்றது.

"திருடின்னா சொன்னான்?"

"அந்த வார்த்தையைத்தான் சொல்லல. மத்ததெல்லாம் சொல்லிட்டான்." அவள் ஒரு பட்டையை எடுத்து அவன் கண்ணுக்கு நேரே நீட்டினாள். "இதைப் பாரு. குழி எங்க முடியுது?"

பட்டையின் முக்கால் நீளம் வெந்து போயிருந்தது. மேலே ஒரு சாண் மட்டும் அவள் கொடுத்த மாதிரியே பளபளத்தது. இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டினாற்போல ஒரு கோடு. ஆறு பட்டையிலும் அதே கோடு, ஏறக்குறைய அதே உயரத்தில்.

"மட்டமான அலுமினியம்னா முழுசா பூக்கும். பாலிஷ் சரியில்லைன்னாலும் அங்கங்க பூக்கும். இப்படிக் கோடு போட்டு நிக்காது," என்றாள். "எதுலயோ நட்டமா நிறுத்தி வெச்சிருக்காங்க. தண்ணி இருந்த வரைக்கும் தின்னுருக்குது. மேல இருந்தது தப்பிச்சிருச்சு."

"தண்ணிக்கா இப்படி ஆகும்?"

"வெறும் தண்ணிக்கு ஆகாது. வண்டியை எடு."

"சோறு?"

"சோறு எங்கயும் ஓடிராது. பேரு ஓடுது."

மடியில் சாக்கை விரித்து, பட்டைகளை அதன் மேல் போட்டுக்கொண்டு அவள் முன் சீட்டில் ஏறினாள். தமிழ்செல்வன் வண்டியைக் கிளப்பினான். கல்யாணமான பதினாலு வருஷத்தில் அவள் இப்படி ஒரு குரலில் பேசி அவன் இரண்டு முறைதான் கேட்டிருந்தான். முதல் முறை அவன் அண்ணன் வீட்டை விட்டே போக வேண்டியதாயிற்று.

வளைவுகளில் வண்டி இறங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் மடியிலிருந்த பட்டைகள் ஒரு பக்கமாகச் சரிந்தன, அவள் முழங்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மேலே இருந்த பளபளப்பை விட அடியில் இருந்த வெந்த பகுதியைத்தான் பார்த்துக்கொண்டே வந்தாள். முன்பக்கத்தை யாரோ துணியால் அழுத்தித் துடைத்திருந்தார்கள். பின்பக்கம் ரப்பருக்குள் போகிற மடிப்பு இருக்கிறது. அதற்குள் துணி போகாது.

அவள் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி அந்த மடிப்புக்குள் விட்டுச் சுரண்டினாள். உள்ளங்கையில் கொஞ்சம் தூள் உதிர்ந்தது. வெள்ளை அல்ல. மஞ்சள்.

நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது.

"நிறுத்து," என்றாள்.

"வளைவுல எப்படி நிறுத்தறது?"

"சரி, ஓட்டு. கேட்டுக்கிட்டே ஓட்டு. உப்பு, மஞ்சத்தூள். அண்டாவுல கரைச்சு ஊறப் போட்டிருக்காங்க. பித்தளை அண்டாவாத்தான் இருக்கோணும். கல்யாண ஊட்டுல வேற எது அத்தனை ஆழமா இருக்குது? உப்புத் தண்ணியில பித்தளையும் அலுமினியமும் ஒண்ணா கெடந்தா அலுமினியத்துக்கு அதோட கதை முடிஞ்சுது. எவர்சில்வர் பட்டறைக்கு வந்த முதல் வாரமே மேஸ்திரி எனக்குச் சொன்னது அதுதான்."

"பீடிங்கை எதுக்கு மஞ்சத்தண்ணியில போடோணும்? வண்டிக்கு நலங்கு வெச்சாங்களா?" என்றவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அடுத்த வளைவு திரும்பிய பிறகு, மெதுவாக, "தீட்டுக் கழிக்கவா?" என்று கேட்டான்.

அவளுக்கும் அதேதான் தோன்றியிருந்தது.

அந்தப் பட்டைகள் பட்டறையில் இருந்தபோதுதான் அவள் அம்மா மாதம்மாள் இறந்து போனாள். மிளகு பறித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. பதினோரு நாள் பானுமதி மோட்டாரைத் தொடவில்லை. செங்கோட்டையன் நாளுக்கு நாலு போன் போட்டார். கல்யாண வண்டிச் சாமான் எழவு வீட்டில் கிடக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே ஆளை அனுப்பிப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார் என்று அவளுக்குப் பயம். கரண்ட் இல்லை என்று சொன்னாள். பதினோரு நாளும் அதையே சொன்னாள். அம்மாவுக்கு எண்ணெய் வைத்த கையோடு போனை எடுத்து, டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போச்சுங்க என்று சொன்னது இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

"செம்மேடு பஸ் ஸ்டாண்டுல அத்தைக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினமே," என்றான் தமிழ்செல்வன். "ராசப்பன் கெழங்கு எடுக்க வாரத்துக்கு ரெண்டு வாட்டி மேல வாரான். பாத்திருப்பான். போய்ச் சொல்லியிருப்பான்."

"அப்ப எங்கிட்டக் கேட்டிருக்கலாமே. திட்டியிருக்கலாமே. பொய் சொன்னியாடின்னு நாலு பேர் முன்னாடி கேட்டிருந்தாலும் தலையைக் குனிஞ்சு நின்னுருப்பேன். உப்புல ஊறப் போட்டு வேக வெச்சுட்டு, மாத்திட்டேன்னு நூத்தி நாப்பது பேருகிட்டச் சொல்றதுக்கு என்ன வேலை?"

"கேட்டுருவமா?"

"கேக்கத்தான் போறம். ஆனா முதல்ல அதை இல்ல. முதல்ல பீடிங் அசல்னு அவரு வாயாலயே சொல்லோணும்."

அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டியதும் வெயில் சுட்டது. செங்கோட்டையன் வீட்டு வாசலில் பந்தல்காரர்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் ஃபியட் நின்றது. புதுப் பெயிண்ட், சந்தன நிறம். கண்ணாடிகளைக் கழற்றி வைத்திருந்ததால் கண் தோண்டிய முகம் போல இருந்தது.

சத்தம் கேட்டு செங்கோட்டையன் வந்தார். மில்லிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும், சட்டையெல்லாம் மாவு. பின்னால் அவர் மனைவி நஞ்சம்மாள் கையில் முறத்தோடு வந்து கொட்டகைத் தூண் ஓரமாக நின்றாள்.

"அதுக்குள்ள அசலைக் கொண்டாந்துட்டியா? பரவாயில்லையே. பயம் இருக்குது."

"ஆமாங்க, கொண்டாந்திருக்கேன்," என்றாள் பானுமதி. "நீங்க தரையில வீசுனீங்களே, அதையேதான் கொண்டாந்திருக்கேன். நாலு ஆணி குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க, சொல்றேன்."

பந்தல்காரர் ஒருவர் தன் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பானுமதி முன் கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினாள். லாரிப் பட்டறைக்காரன் போட்ட ஓட்டைகளை அடைத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி அவள் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தாள். ரப்பர் மறைத்துவிடும் என்று பெயிண்டர் அப்படியே விட்டிருந்தான். வேறு நாளாக இருந்தால் அவனுக்கும் ஒரு அர்ச்சனை நடந்திருக்கும்.

"இந்த ஓட்டை ஞாபகம் இருக்குதுங்களா? இருபது வருஷமா ஆடாத ரிவிட்டு."

"இருக்குது. அதுக்கென்ன?"

"அளவெடுத்துப் போட்ட ஓட்டை இல்லீங்க. கண்ணுத் திட்டத்துல போட்டது. ஒண்ணு கோணையா இருக்கும், ஒண்ணு எட்டிப் போயிருக்கும். உலகத்துல வேற எந்தக் கார்லயும் இந்த இடத்துல இந்த ஓட்டை இருக்காது." அவள் முதல் பட்டையைச் சட்டத்தின் மேல் வைத்தாள். ரப்பருக்குள் மறையும் அதன் மடிப்பில் ரிவிட் போன ஓட்டைகள் இருந்தன. "ஆணியை நீங்களே உடுங்க. என் கை பட வேண்டாம். அப்புறம் மாயமந்திரம்னு அதையும் குரூப்புல போடுவீங்க."

செங்கோட்டையன் ஆணியை வாங்கவில்லை. பந்தல்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் உடறேனுங்க," என்று முன்னால் வந்தார். முதல் ஆணி பட்டையைத் தாண்டித் தகரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. அடுத்த பட்டை. அதில் ஒரு ஓட்டை கோணலாக இருந்தது. ஆணி கோணலாகவே நுழைந்தது. நான்கு ஆணியும் தலை மட்டும் தெரிய நின்றன.

"கதவுக்கும் பாக்கலாமுங்களா?" என்றாள் பானுமதி. "இன்னும் எட்டு ஓட்டை இருக்குது. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

தெருவில் ஒரு லாரி போயிற்று.

"சரி. அசல்தான்," என்றார் செங்கோட்டையன்.

"எங்கிட்டச் சொன்னா பத்தாதுங்க. போனை எடுங்க."

"அப்புறம் போட்டுக்கறேன்."

"ஏழு மணிக்குப் பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி போடத் தெரிஞ்சுதுல்ல. இப்பப் போடுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

பந்தல்காரர்கள் குழி தோண்டுவதை நிறுத்தி ரொம்ப நேரம் ஆகியிருந்தது. செங்கோட்டையன் போனை வாயருகே கொண்டுபோய், முனகுகிற குரலில், "வணக்கமுங்க. காலைல சொன்னேனுங்களே, அந்த பீடிங் அசல்தானுங்க. ஒரு சின்ன குழப்பம்," என்றார்.

"குழப்பம் ஆருக்கு? எனக்கா, உங்களுக்கா?" என்றாள் அவள். "இன்னொரு வாட்டி. பேரு சொல்லிப் போடுங்க. ஏமாத்துக்காரின்னு சொல்றப்ப ஊரைச் சொன்னீங்க, இப்ப என் பேரையும் சேத்துச் சொல்லுங்க."

அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. தமிழ்செல்வன் ஒரு எட்டு முன்னால் வைத்தான். ஆனால் மனிதர் போனைத்தான் தூக்கினார். "செம்மேடு பானுமதி குடுத்த சாமான் அசலுங்க. தப்பு என்ற பேர்லதான்." விரலை எடுத்தார். ஊய்ங் என்று போய்ச் சேர்ந்த சத்தம் கேட்டது.

அவள் மூச்சு அப்போதுதான் முழுசாக உள்ளே போயிற்று.

"அசல்னா, அப்புறம் எதுக்கு இப்படிப் பூத்துப்போச்சு?" என்றார் அவர், தோற்ற வீம்பில். "அதுக்கு நீதான பொறுப்பு?"

பானுமதி ஒரு பட்டையைத் திருப்பி, ஹேர்பின்னால் மடிப்பைச் சுரண்டி, மஞ்சள் தூளை அவர் முன்னால் உள்ளங்கையில் நீட்டினாள். "இது என் மெழுகு இல்லீங்க. மஞ்சளும் உப்பும். கோடு வரைக்கும் அண்டாவுல நின்னுருக்குது. எத்தனை நாள்?"

யார் போட்டது என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தாள். அவர் கேட்கவில்லை. காரின் கதவைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

தூண் ஓரத்திலிருந்து நஞ்சம்மாள்தான் பேசினாள். "நாந்தான் கண்ணு போட்டேன். ஆறு நாள் கெடந்துச்சு. கல்யாண வேலையில எடுக்க மறந்துட்டேன். உப்பு வேற கொஞ்சம் தூக்கலாப் போயிருச்சு போல. வெந்து போகும்னு ஆரு கண்டா?"

"உள்ள போ நீ," என்றார் செங்கோட்டையன்.

"ஏனுங்க, நான் பண்ணுனதை நான் சொல்றேன். அந்தப் பொண்ணு மேல பழி உழுந்துருச்சேன்னு காத்தால இருந்து எனக்குச் சோறு எறங்கல."

அந்தக் குரலில் சூது இல்லை. பானுமதிக்குக் காலையிலிருந்து கையில் பிடித்துக்கொண்டிருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்த அம்மாளிடம் வைக்க முடியாது. செங்கோட்டையனிடம் வைக்க வேண்டியதை வைத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது அவளுடைய பொய்தான். பதினோரு நாளும் கூசாமல் சொன்ன பொய். இவர்கள் வழக்கம் இவர்களுக்கு. மகள் கல்யாணத்துக்கு வருகிற வண்டியில் எழவு வீட்டுத் தீட்டு ஒட்டியிருக்கக் கூடாது என்று ஒரு தாய் நினைப்பது அவ்வளவு பெரிய குற்றமா? அவள் அம்மா இருந்திருந்தால் அவளும் இதைத்தான் செய்திருப்பாள்.

"நஞ்சம்மாக்கா, என் மேலயும் தப்பு இருக்குதுங்க," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "கரண்ட் இல்லைன்னு நான் சொன்னது பொய். அந்த பீடிங் எங்கூட்டுல இருக்கறப்பத்தான் எங்கம்மா செத்துப்போச்சு. சொன்னா வேலையைப் பாதியில பிடுங்கிக்குவீங்கன்னு பயந்துக்கிட்டு மறைச்சுட்டேன். எழவு ஊட்டுச் சாமானுக்கு நீங்க தீட்டுக் கழிச்சதுல தப்பில்லீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எதுல கழுவோணும்னு நானே சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். குடுங்க, கொண்டு போறேன். குழியெல்லாம் தேய்ச்சு எடுத்து, கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி நானே வந்து மாட்டித் தர்றேன்."

தமிழ்செல்வன் ஆணிகளை உருவிப் பந்தல்காரர் கையில் கொடுத்தான். பானுமதி பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் வைத்தாள்.

நஞ்சம்மாளின் கையிலிருந்த முறம் தாழ்ந்தது. அவள் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. பானுமதியின் கையைப் பிடிக்க வந்தவள் போல இரண்டு எட்டு முன்னால் வந்து, ஒரு முழம் தள்ளியே நின்றுகொண்டாள்.

"அம்மா செத்துப்போச்சா சாமி, எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்களே... மலைக்காரங்க கை பட்ட சாமான்னா மஞ்சத்தண்ணியில போட்டுத்தான் ஊட்டுக்குள்ள எடுப்போம், எப்பவுமே அப்படித்தானுங்க கண்ணு."